பொதுப் பணமும் சமயப் பள்ளியும்

பிறந்த மண்ணை விட்டு வந்து மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் நாகபுரியிலும் குடியமர்ந்துவிட்ட நம் குடும்பங்களுக்கு, வீடு தேடும் கவலைக்கு அடுத்த பெருங்கவலை பள்ளி தேடுவதாகும். அண்டையிலுள்ள கன்னிமாடப் பள்ளியிலோ, ஆரிய சமாஜத்தார் நடத்தும் பள்ளியிலோ, முஸ்லிம் அறக்கட்டளையின் பள்ளியிலோ, நம்மவரே நிறுவிய தமிழ்ப் பள்ளியிலோ பிள்ளையைச் சேர்க்கிறோம். சேர்க்கும்போது, கட்டணம் எவ்வளவு, பாடம் எப்படி, பஸ் வசதி உண்டா என்றெல்லாம் விசாரிக்கும் நாம், அப்பள்ளியின் ஆசிரியருக்குச் சம்பளம் தருபவர் யார், மதிய உணவுக்கு அரிசி எங்கிருந்து வருகிறது என்று கேட்பதில்லை. உதவி பெறும் பள்ளியாயின் விடை, ‘சர்க்கார்’ என்பதே. அதாவது, வரி கொடுக்கும் நாம் அனைவருமே.

இங்கேதான் ஒரு வினா எழுகிறது. ஒரு சமயத்தார் தம் நம்பிக்கையை வளர்க்கவும் சேர்த்து நடத்தும் தனியார் பள்ளிக்கு, எல்லாச் சமயத்தாரும் கொடுத்த பணம் செல்லலாமா? ‘கூடாது, வேண்டுமானால் அவர்கள் தம் காசில் நடத்திக்கொள்ளட்டும்’ என்பார் ஒரு சாரார். ‘அப்பிள்ளைகளின் பெற்றோரும் வரி கொடுப்பவர்தாமே’ என்பார் மற்றொரு சாரார். இரு கூற்றிலும் நியாயம் உண்டு. நிர்வாகத்துக்குக் கொடுப்பது வேறு, பிள்ளைக்குக் கொடுப்பது வேறு என்று முதலில் பிரித்துப் பார்த்தால், சிக்கலின் பாதி அவிழ்ந்துவிடும் என்பதே நம் கருத்து.

அமெரிக்கர் கண்ட சிக்கல்

இவ்வினாவைப் பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் வைத்து வாதாடியவர்கள் அமெரிக்கர். அரசு எந்தச் சமயத்தையும் நிலைநாட்டலாகாது என்பது அவர்களுடைய அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம், 1791-இல் ஏற்பட்டது. நியூ ஜெர்ஸி ராஜ்யத்தில் யூவிங் என்னும் ஊராட்சி, பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லும் பஸ் கட்டணத்தைப் பெற்றோருக்குத் திருப்பித் தந்து வந்தது. கத்தோலிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரும் அதைப் பெற்றார்கள். வரி செலுத்துவோர் ஒருவர் வழக்குத் தொடுத்தார். 1947-இல் அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட்டு, ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில், அது செல்லும் என்று தீர்ப்பளித்தது. தெருவிலே போலீசும், தீயணைப்புப் படையும், சாக்கடை வசதியும் கோவிலுக்கும் வீட்டுக்கும் ஒன்றுபோலக் கிடைப்பதைப் போன்றதே பிள்ளை பத்திரமாகப் பள்ளி சேர்வதும் என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் எண்ணம்.

ஆயினும் அதற்குப் பிறகு வந்த வழக்குகள் விந்தையானவை. பாடப் புத்தகத்தை இரவல் கொடுக்கலாம் என்று 1968-இல் தீர்ப்பு. புத்தகம் கொடுக்கலாம், ஆனால் தேசப்படமும் ஆய்வுக்கூடக் கருவியும் அப்பள்ளிகளுக்குக் கொடுக்கலாகாது என்று 1975-இல் தீர்ப்பு. படிப்பில் பின்தங்கிய ஏழைப் பிள்ளைகளுக்குக் கூடுதல் பாடம் சொல்ல, சர்க்கார் ஆசிரியர் சமயப் பள்ளிக் கட்டடத்துக்குள் நுழையலாகாது என்று 1985-இல் தீர்ப்பு. விளைவு என்ன? நியூயார்க் நகரத்தார் வண்டிகளை வகுப்பறைகளாக மாற்றிப் பள்ளிக்கு வெளியே நிறுத்தினார்கள். வேறிடங்களை வாடகைக்குப் பிடித்தார்கள். அத்தகைய ஏற்பாடுகளுக்குப் பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவான பிறகு, 1997-இல் அதே சுப்ரீம் கோர்ட்டு தன் பழைய தீர்ப்பை மாற்றிக்கொண்டது. இடையே 1993-இல், கத்தோலிக்கப் பள்ளியில் பயின்ற காது கேளாத மாணவன் ஒருவனுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரைச் சர்க்கார் செலவில் அமர்த்தலாம் என்றும் தீர்ப்பாகியிருந்தது. 2022-இல் வந்த மெய்ன் ராஜ்யத்து வழக்கிலோ, தனியார் பள்ளிகளின் கட்டணத்தைச் செலுத்த முன்வந்த ராஜ்யம், சமயப் பள்ளி என்பதற்காக ஒரு பள்ளியை ஒதுக்கலாகாது என்ற எல்லை வரை சென்றுவிட்டார்கள்.

இவ்வரலாறு நமக்குச் சொல்வது ஒன்று உண்டு. எந்தப் பொருளைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது என்று பொருளுக்குப் பொருள் கோடு கிழிக்கப் புகுந்தால், புத்தகத்துக்கும் தேசப்படத்துக்கும் நடுவே நின்று திகைக்க வேண்டியதாகும். அந்தத் திகைப்பின் செலவு பின்தங்கிய பிள்ளையின் தலையில் விழும்.

நம் நாட்டின் நான்கு தாழ்கள்

நம் நாடு வேறொரு வழியைப் பின்பற்றியது. அதன் வேர் 1854-ஆம் ஆண்டு சர் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையில் இருக்கிறது. நல்ல உலகியற் கல்வி தரும் பள்ளி எவருடையதாயினும் மானியம் கொடுப்பது, அங்கே நடக்கும் மத போதனையில் சர்க்கார் தலையிடாதிருப்பது என்பது அதன் கொள்கை. சென்னை மாகாணத்தில் கிறிஸ்தவ மிஷன் பள்ளிகளும் இந்துப் பிரமுகர்கள் நிறுவிய பள்ளிகளும் அம்முறையிலேதான் வளர்ந்தன. நம் பாட்டனாரும் தந்தையாரும் படித்த பள்ளிகள் பல இவ்வகையின.

1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டம் அம்மானிய முறையை அகற்றவில்லை. ஆனால் அதற்கு நான்கு தாழ்களைப் பொருத்தியது. ஒரு குறிப்பிட்ட சமயத்தை வளர்ப்பதற்கென்றே ஒதுக்கப்படும் வரியை எவரும் செலுத்துமாறு வற்புறுத்தலாகாது என்பது 27-ஆம் விதி. முழுவதும் சர்க்கார் பணத்திலேயே நடக்கும் கல்விச்சாலையில் மத போதனை கூடாது. உதவி மட்டும் பெறும் பள்ளியில் அது நடக்கலாம், ஆனால் பிள்ளையின் பெற்றோரோ பாதுகாவலரோ சம்மதிக்காமல் அப்பிள்ளையை அதில் அமர்த்தலாகாது என்பது 28-ஆம் விதி. உதவி பெறும் பள்ளி, சமயம், இனம், சாதி, மொழி ஆகியவற்றை மட்டும் காரணமாகக் காட்டி எவருக்கும் இடம் மறுக்கலாகாது என்பது 29-ஆம் விதி. சமயத்தாலோ மொழியாலோ சிறுபான்மையராயிருப்போர் நடத்துவது என்பதற்காக ஒரு பள்ளிக்கு உதவி வழங்குவதில் வேற்றுமை காட்டலாகாது என்பது 30-ஆம் விதி.

இத்தாழ்கள் வெறும் எழுத்தாக நின்றுவிடவில்லை. 1954-இல் பம்பாய் சர்க்கார், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத இந்தியப் பிள்ளைகளை ஆங்கில வழிப் பள்ளிகளில் சேர்க்கலாகாது என்று ஓர் ஆணை பிறப்பித்தது. நாசிக்கை அடுத்த தேவலாலியிலுள்ள ஆங்கிலோ இந்தியப் பள்ளி ஒன்றைப் பற்றிய வழக்கில், சுப்ரீம் கோர்ட்டு அவ்வாணையைத் தள்ளியது. பொதுப் பணம் பெறும் பள்ளியின் கதவு பொதுமக்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது அதனால் நிலைபெற்றது. இதே எண்ணத்தை 337-ஆம் விதியிலும் காணலாம். ஆங்கிலோ இந்தியப் பள்ளிகளுக்குப் பத்தாண்டுகளுக்குத் தனி மானியம் அளித்த அவ்விதி, ஆண்டுதோறும் சேர்க்கையில் குறைந்தது 40 சதவீத இடம் பிற சமூகத்தாருக்குக் கிடைக்க வேண்டும் என்று நிபந்தனையும் விதித்தது.

நிபந்தனை எவ்வளவு தூரம் போகலாம் என்ற கேள்வி கேரளத்தில் எழுந்தது. 1957-ஆம் ஆண்டுக் கல்வி மசோதாவைக் குறித்துக் குடியரசுத் தலைவர் சுப்ரீம் கோர்ட்டின் அபிப்பிராயத்தைக் கேட்டார். மானியம் வேண்டுமானால் நிர்வாக உரிமையையே ஒப்படைத்துவிட வேண்டும் என்று சொல்லலாகாது. ஆனால் நிர்வகிக்கும் உரிமை, சீர்கேடாக நிர்வகிக்கும் உரிமையாகாது என்று 1958-இல் கோர்ட்டு தெளிவுபடுத்தியது. ஆகவே ஆசிரியரின் தகுதி, சம்பளம், பாடத்திட்டம், கணக்குத் தணிக்கை இவற்றில் சர்க்கார் கை வைக்கலாம். மானியம் பெறுவது அடிப்படை உரிமையன்று, அது கொள்கையைப் பொறுத்தது, சிறுபான்மைப் பள்ளிக்கும் மற்றப் பள்ளிக்கும் இதில் பேதமில்லை என்று 2021-இல் மீண்டும் தீர்ப்பாயிற்று.

‘உதவி’ என்பதற்கும் ‘முழுச் செலவு’ என்பதற்கும் உள்ள வேற்றுமையை அஸ்ஸாம் காட்டிற்று. அங்கே சர்க்கார் ஏற்று நடத்தி வந்த மதரஸாக்களைப் பொதுப் பள்ளிகளாக மாற்ற 2020-இல் சட்டம் இயற்றினார்கள். முழுவதும் சர்க்கார் பணத்தில் நடப்பவற்றில் மத போதனை இருத்தலாகாது என்னும் 28-ஆம் விதியைக் கொண்டு, கௌஹாத்தி ஹைக்கோர்ட்டு 2022-இல் அச்சட்டத்தை ஏற்றுக்கொண்டது.

காலை உணவு தாண்டாத வாயில்

சட்டம் இவ்வாறிருக்க, சோறும் புத்தகமும் எவ்வழி செல்கின்றன என்று பார்ப்போம். அரசாங்கப் பள்ளிகளிலும் அரசாங்க உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த மதிய உணவு வழங்க வேண்டும் என்று 2001 நவம்பர் 28-இல் சுப்ரீம் கோர்ட்டு ஆணையிட்டது. உதவி பெறும் பள்ளி எந்தச் சமயத்தாருடையது என்று அவ்வாணை பிரித்துப் பேசவில்லை. பின்னர், மத்திய சர்க்காரின் கல்வி இயக்கத்தின் ஆதரவு பெற்ற மதரஸாக்களும் இத்திட்டத்துக்குள் வந்தன. பசிக்குச் சமயம் இல்லை என்பதை இதைவிட எளிதாகச் சொல்ல இயலாது.

ஆயினும் தமிழகத்தில் அண்மையில் நடந்ததை நாம் சிந்திக்க வேண்டும். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு அளிக்கும் திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. நற்பணிதான், ஐயமில்லை. ஆனால் உதவி பெறும் பள்ளிகள் அன்று அதில் இல்லை. தென் ஜில்லாக்களில் மிஷன் தொடக்கப் பள்ளியே ஊரின் பழைய பள்ளியாக இருக்கும் கிராமங்கள் பல. அங்கே படிப்பவர் எல்லாச் சமயத்து ஏழைகளின் பிள்ளைகளுந்தாம். ஒரே தெருவில், ஒரே கூலிக்குச் செல்லும் இரண்டு தாய்மாரின் பிள்ளைகளுள், ஒரு பள்ளிக்குச் சென்ற பிள்ளைக்கு உப்புமாவும் பொங்கலும் கிடைத்தன. மற்றொரு பள்ளிக்குச் சென்ற பிள்ளை வெறும் வயிற்றோடு முதல் பாடத்துக்கு அமர்ந்தது. 2024 ஜூலை 15-இல் ஊரகப் பகுதிகளின் 3,995 உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025 ஆகஸ்ட் 26-இல் நகர்ப்புறங்களின் 2,429 உதவி பெறும் பள்ளிகளுக்கும் திட்டம் நீண்டது. இவ்விரு விரிவுகளாலும் காலை உணவு பெற்ற பிள்ளைகள் ஐந்து லட்சத்துக்கு மேல். அவ்வளவு பேர் ஓராண்டும் ஈராண்டும் காத்திருந்தார்கள் என்பதே இதன் பொருள். காத்திருந்தது நிர்வாகமன்று, பிள்ளையின் வயிறு.

இவ்வாறே, உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வழங்கும் திட்டம் 2022-இல் அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு மட்டும் என்று தொடங்கி, உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கு 2024 டிசம்பர் 30-இலேதான் வந்து சேர்ந்தது. சர்க்கார் பணம் அளவுக்குட்பட்டது, முதலில் தன் பள்ளியைக் கவனிக்கிறது என்று சமாதானம் கூறலாம். சுவருக்கு வெள்ளையடிப்பதில் அச்சமாதானம் பொருந்தும், சோற்றில் பொருந்தாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. சில இடங்களில் நிர்வாகம் தன் உரிமையை அரணாக்கிக்கொண்டு, பிள்ளையின் உரிமையை வெளியே நிறுத்துகிறது. ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை கட்டாய இலவசக் கல்வி அளிக்கும் 2009-ஆம் ஆண்டுச் சட்டம், உதவி பெறுவனவாயினும் பெறாதனவாயினும் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-இல் சுப்ரீம் கோர்ட்டின் ஐவர் அமர்வு கூறியது. அச்சட்டத்தில் ஏழைகளுக்கு இடம் ஒதுக்குவது மட்டுமா இருக்கிறது? ஆசிரியர் விகிதம், கட்டட வசதி, பிள்ளையை அடிக்கலாகாது என்ற தடை ஆகியவையும் உள்ளன. அவை எல்லாவற்றினின்றும் விலக்களித்தது சரிதானா என்று 2025 செப்டம்பர் 1-இல் இருவர் அமர்வு ஐயுற்று, பெரிய அமர்வு ஆராய வேண்டுமெனத் தலைமை நீதிபதியின் முன் வைத்தது. சர்க்கார் பணத்தை வாங்கும்போது ‘எங்கள் பிள்ளைகளுக்காக’ என்றும், சர்க்கார் விதியைக் கண்டால் ‘எங்கள் நிர்வாகம்’ என்றும் பேசுவது இரட்டை நாக்காகும். சம்பளம் சர்க்காருடையதாகவும் நியமனம் நிர்வாகத்தினதாகவும் உள்ள இடங்களில், ஆசிரியர் வேலைக்கு நன்கொடை கேட்கிறார்கள் என்னும் புகார் நெடுநாளாகக் கேட்பதே. பிள்ளையின் பெயரால் வந்த பணம் அங்கே பிள்ளையைச் சேரவில்லை.

நமக்கும் இதில் பங்கு உண்டு

‘இது சமயச் சிறுபான்மையோர் விஷயம், நமக்கென்ன?’ என்று நம்மவருள் சிலர் எண்ணக்கூடும். சற்றே நின்று யோசித்தால், இது நம் வீட்டு விஷயமென்பது விளங்கும். 30-ஆம் விதி சமயத்தையும் மொழியையும் ஒரே வாக்கியத்தில் வைத்திருக்கிறது. சிறுபான்மை என்பதை ராஜ்யவாரியாகவே கணக்கிட வேண்டும் என்று 2002-இல் பதினொரு நீதிபதிகள் அமர்ந்த அமர்வு முடிவு செய்தது. அதற்கு முன்னரே 1971-இல், பஞ்சாபில் ஆரிய சமாஜத்தாரைச் சிறுபான்மையினராக ஏற்றது சுப்ரீம் கோர்ட்டு. சென்னையில் பெரும்பான்மையராகிய நாம், தில்லியிலும் மகாராஷ்டிரத்திலும் மொழிச் சிறுபான்மையர்.

தில்லியில் 1923-இல் மதராஸிக் கல்விச் சங்கமாகத் தோன்றி, இன்று தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் என்று வழங்கும் நிறுவனம் ஏழு பள்ளிகளை நடத்துகிறது. தலைநகரில் தமிழ் எழுத்தறிந்த தலைமுறைகள் உருவானதற்கு அப்பள்ளிகள் செய்த பணி சிறிதன்று. அவை சர்க்கார் உதவி பெறும் பள்ளிகள். தில்லியில் அத்தகைய பள்ளிகளின் சம்பளச் செலவில் 95 சதவீதத்தைச் சர்க்கார் ஏற்கிறது. நம் மொழிக்கு நிழல் தரும் மரமும், அண்டை வீட்டார் சமயத்துக்கு நிழல் தரும் மரமும் ஒரே வேரில் நிற்பவை. அவர்கள் கிளையை வெட்டச் சொல்லிக்கொண்டே நம் கிளையில் அமர்ந்திருக்க முடியாது. அவர்கள் பள்ளியில் எந்த ஒழுங்கை எதிர்பார்க்கிறோமோ, அதே ஒழுங்கை நம் பள்ளியிலும் எதிர்பார்க்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே பிறக்கிறது.

பெற்றோர் செய்யத்தக்கவை

பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தாலும், அது உதவி பெறும் பள்ளியா, எவ்வளவு பெறுகிறது என்று அறிந்துகொள்ளுதல் நலம். சர்க்காரிடமிருந்து கணிசமான நிதி பெறும் கல்வி நிறுவனம் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது என்று 2019-இல் தீர்ப்பாகியிருக்கிறது. ஆகவே முறையாக விண்ணப்பித்துக் கணக்குக் கேட்கலாம். கேட்பது அவமரியாதையன்று, கேட்கப்படுவது பள்ளிக்கும் அவமானமன்று.

மத போதனை வகுப்பு உண்டாயின், அதற்கு நம் சம்மதம் கேட்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். வேண்டுமென்பவர் மனமுவந்து அனுப்பட்டும். வேண்டாமென்பவர் தலைமை ஆசிரியருக்கு எழுத்தில் தெரிவித்தால் போதும், சண்டையிட வேண்டுவதில்லை. அவ்வாறு எழுதியதற்காகப் பிள்ளையை வேறாக நடத்தினால், அது அரசியல் சட்டத்தையே மீறிய செயலாகும்.

சீருடை, புத்தகம், உணவு, உபகாரச் சம்பளம் என்று எந்தெந்தச் சேவை உதவி பெறும் பள்ளிப் பிள்ளைக்கு உரியது என்பது ராஜ்யத்துக்கு ராஜ்யம் மாறும். ஒவ்வொரு நகரத் தமிழ்ச் சங்கமும் அப்பட்டியலைக் கல்வி அலுவலகத்திலிருந்து பெற்று, ஆண்டுத் தொடக்கத்தில் உறுப்பினருக்கு அறிவித்தால், பல ஏழைக் குடும்பங்கள் பயனடையும். மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய ராஜ்யங்கள் முயல வேண்டும் என்னும் 350-அ விதி, 1956-இலேயே சட்டத்தில் ஏறிவிட்டது. நாம் விண்ணப்பிக்காமல் அது தானே நடந்து நம் வாயிலுக்கு வாராது.

கிராமத்துப் பொதுக் குளத்தில் எந்தத் தெருவாரும் குடம் நிரப்பலாம். எந்தத் தெருவாரும் படித்துறைக்குப் பூட்டுப் போடலாகாது. பொதுப் பணத்துக்கும் அதுவே முறை. சமயப் பள்ளியின் பிள்ளை தாகத்தோடு திரும்பினால் அது சர்க்காரின் குறை. குளத்து நீரை மடைமாற்றித் தன் தோட்டத்துக்கு மட்டும் பாய்ச்சினால் அது நிர்வாகத்தின் குறை. இரண்டையும் கண்டு கேட்கும் பொறுப்பு, நீருக்கு விலை கொடுத்த பெற்றோராகிய நம்முடையது.